கழுவிய படம்

கதை எழுதத் துணிந்ததற்காக முதற்கண் வாசகர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். இலக்கணத்தைப் பாடமாகப் படித்துத் தேறியதைத் தவிர எனக்கும் எழுத்துக்கும் வேறு பழக்கம் இல்லை. எழுதத் தெரிந்தவர்கள் இதே செய்தியை இன்னும் நயமாகச் சொல்லியிருப்பார்கள் என்பதை அறிவேன். அவர்களில் ஒருவரும் சொல்ல முன்வராததால்தான் நான் பேனாவை எடுத்தேன். வாக்கியம் எங்காவது நீண்டு போனாலோ, முன்னால் சொல்ல வேண்டியது பின்னால் வந்தாலோ, பயிற்சிக் குறை என்று மன்னித்து மேலே படிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. அடையாள அட்டைக்கும் வேலை விண்ணப்பத்துக்கும் படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் குறுகலான படியில் ஏறி, சுவரில் பதித்த கண்ணாடியில் தலையை வாரிக்கொண்டு, முக்காலியில் உட்காருவார்கள். முதலாளி படம் எடுப்பார். பின்னறையில் கணினி முன்னால் இருப்பவர், எடுத்த முகத்திலிருந்து பருவையும், மூக்குக்கண்ணாடியில் விழுந்த வெளிச்சத்தையும், காதோரம் பறக்கும் மயிரையும் நீக்கிக் கொடுப்பார். இந்த வேலையை அங்கே டச்சப் என்பார்கள். செய்பவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. அவர் தொட்ட படத்தை எடுத்துக்கொண்டு போனால் வீட்டில் ஆள் அடையாளம் தெரியாமல் கதவைத் திறக்க மாட்டார்கள் என்று முதலாளி வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்வதுண்டு. டச்சப் அதற்குச் சிரிப்பதும் இல்லை, கோபிப்பதும் இல்லை. நாற்பதைக் கடந்தவர், திருமணம் செய்துகொள்ளவில்லை. ஒற்றை அறை ஒன்றில் வாடகைக்கு இருந்தார். சாப்பாடு மட்டும் இரண்டு தெரு தள்ளி இருந்த அக்கா வீட்டில்.

அவருக்கு உயிராக இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஓய்வு கிடைத்த நேரமெல்லாம் பேருந்துகளையும் ரயில்களையும் படம் எடுப்பார்.

இதை ஒரு பொழுதுபோக்கு என்று சொன்னால் சிலர் நம்புவதில்லை. பறவையைப் படம் எடுப்பவரை மதிப்பவர்கள்கூட, பேருந்தைப் படம் எடுப்பவரைப் பார்த்தால் இவருக்கு எங்கேயோ ஒரு மரை கழன்றிருக்கிறது என்றுதான் நினைக்கிறார்கள். நடைமேடை ஓரத்தில் கேமராவோடு நின்றதற்காக ரயில்வே காவலர்கள் டச்சப்பை இருமுறை அழைத்துப்போய் விசாரித்திருக்கிறார்கள். எடுத்த படங்களையெல்லாம் காட்டச் சொல்லிப் பார்த்த காவலர் ஒருவர், பத்துப் படம் தாண்டுவதற்குள் கொட்டாவி விட்டுப் போகச் சொல்லிவிட்டார். ஆனாலும் இதற்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது. கைப்பேசியில் குழுவாகக் கூடுவார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளங்களுக்கு மேலே உள்ள நடைபாலத்தில் நேரிலும் கூடுவார்கள். ஒருவர் மருந்துக்கடைக்காரர், ஒருவர் வங்கிக் காசாளர், ஒருவர் பல் மருத்துவர். அங்கே அந்தப் பெயர்கள் செல்லுபடியாகா. மருந்துக்கடைக்காரர் எப்போதும் கைகாட்டி மரத்தடியிலேயே நிற்பதால் 'சிக்னல்'. மற்றவர்களுக்கும் இப்படி ஒவ்வொன்று.

நல்ல படத்துக்கு அவர்களிடம் சில விதிகள் இருந்தன. வெயில் எடுப்பவருடைய முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். வண்டியின் முகமும் கதவுப் பக்கமும் சேர்ந்து தெரிய வேண்டும். சக்கரங்கள் முழுதாகத் தெரிய வேண்டும். தடப்பலகை வாசிக்கும்படி இருக்க வேண்டும். குறுக்கே ஆள் நிற்கக் கூடாது. கம்பத்தின் நிழல்கூட வண்டி மேல் விழக் கூடாது. இத்தனையும் ஒருசேர அமைவது அரிது என்பதால், எடுத்த பிறகு படத்தைக் கணினியில் போட்டுச் சுத்தம் செய்வார்கள். குறுக்கே போகும் மின்கம்பி, கண்ணாடியில் ஒட்டிய சுவரொட்டி, பக்கவாட்டில் வழிந்த வாந்திக் கறை எல்லாம் போய்விடும். இதற்கு அவர்கள் 'கழுவுதல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மிக நன்றாகக் கழுவிய படத்துக்குக் கீழே "தண்ணி சொட்டுது" என்று எழுதுவார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. டச்சப்பின் படங்களுக்குக் கீழேதான் அது அதிகம் காணப்பட்டது.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு வண்டிக்கு ஒரு படம். எத்தனை எடுத்தாலும் சிறந்த ஒன்றைக் கழுவி வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்துவிட வேண்டும். கழுவாத படத்தைச் சேர்த்து வைப்பவரைச் 'சாக்கடை' என்று கேலி செய்வார்கள். டச்சப் ஒருபடி மேலே போய், கழுவிய படத்தை அசலின் மேலேயே சேமித்துவிட்டு, கேமரா கார்டையும் அப்போதே அழித்துவிடுவார். அழுக்குப் படம் ஒன்று எங்கோ இருக்கிறது என்ற நினைப்பே அவருக்குத் தொந்தரவாக இருந்தது.

அக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். டச்சப் அவரை அத்தான் என்று அழைப்பார். நாமும் அப்படியே அழைக்கலாம். நடத்துநர் இல்லாமல் ஓட்டுநரே சீட்டுக் கொடுக்கும் வண்டிகளில் பல ஆண்டுகளாக வேலை. குரலை உயர்த்தாத மனிதர். பொய் என்பது அவருக்கு வராது. எப்படியும் மாட்டிக்கொள்வேன் என்று தெரிந்திருப்பதால்தான் வரவில்லை என்று அக்கா சொல்வாள். மைத்துனரின் பித்தைக் கிண்டல் செய்வதில் மட்டும் அவருக்குச் சலிப்பே இல்லை. பெண் பார்க்கப் போகிறவன்கூட இத்தனை முறை முன்னாலும் பின்னாலும் சுற்ற மாட்டான் என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டுத் தாமே முதலில் சிரிப்பார்.

அவர்கள் பணிமனையில் பழைய வகை வண்டி ஒன்று மிஞ்சியிருந்தது. கூரையின் விளிம்பு வளைந்திருக்கும். இடுப்பில் அகலமான மஞ்சள் பட்டை. பக்கவாட்டில் பின்கோடியில் இரண்டு மடிப்புள்ள கதவு. அதன் கூடப் பிறந்தவையெல்லாம் உடைப்புக்குப் போய்விட்டன. இது மட்டும், வேறு வண்டி பழுதாகும் நாளில் மாற்றாக வெளியே வரும். எப்போது வரும், எந்தத் தடத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. குழுவில் ஒருவரிடமும் அதற்கு நல்ல படம் இல்லை. டச்சப் அதற்காகக் காத்திருந்த காலத்தில் ஸ்டூடியோவில் இரண்டு கேமராக்கள் மாறிவிட்டன.

ஒருநாள் விடிந்த கொஞ்ச நேரத்தில் அத்தான் பணிமனையிலிருந்து கூப்பிட்டார்.

"மச்சான், உன் ஆளு இன்னிக்கு என் கையில. முதல் நடை கிளம்புறதுக்குள்ள கடைசி ஸ்டாப்புக்கு வந்துடு. குளிச்சிட்டு வா, மரியாதையா இருக்கட்டும்."

டச்சப் குளிக்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் வண்டி தனியாக நின்றுகொண்டிருந்தது. வெயில் சரியாக அவருடைய முதுகுக்குப் பின்னால். ஒரு பயணி கிடையாது, ஒரு நிழல் கிடையாது. அத்தான் சக்கரங்களை நேராக்கி, தடப்பலகையைத் துணியால் துடைத்துவிட்டு, படத்தில் விழாதபடி தேநீர்க் கடைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டார். எல்லாம் கூடி வந்திருந்தது. பின்கதவில் மட்டும் ஒரு நீலக் கயிறு கட்டியிருந்தது. கதவின் தாழ் பிடிக்கவில்லை என்று முந்தைய நாள் ஓட்டியவர் கட்டிவிட்டுப் போனது அது. அத்தான் அதைப் பற்றி, பணிமனையில் பழுது பார்ப்பவர்களுக்கு மேலாளான ஃபோர்மேனிடம் சொன்னபோது, இந்த நடை மட்டும் ஓட்டு, மதியம் பார்க்கிறேன் என்றாராம். இதைச் சொல்லிக்கொண்டே அத்தான் தேநீரை ஊதினார். டச்சப்புக்கு அது காதில் விழுந்ததே தவிர மனத்தில் ஏறவில்லை. கயிறு போய்விடும் என்று மட்டும் நினைத்தார். மின்கம்பி போவதைப் போல.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், பின்னறையில் யாரோ ஒருவருடைய முகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, வண்டியைக் கழுவினார். கயிறு இருந்த இடத்தில் கதவின் சாம்பல் நிறத்தை நிரப்பினார். கதவில் விழுந்திருந்த அதன் மெல்லிய நிழலையும் மறக்காமல் எடுத்தார். சேமித்தார். குழுவில் போட்டார். சிக்னல் முதல் ஆளாக "தண்ணி சொட்டுது" என்று எழுதினார். அன்று மாலைக்குள் பேருந்து நிறுவனமே தன்னுடைய பக்கத்தில், எங்கள் பழைய அழகி என்று அந்தப் படத்தை எடுத்துப் போட்டிருந்தது. டச்சப்பின் வாழ்க்கையில் அப்படி ஒரு மரியாதை நடந்ததில்லை.

அதே மாலையில்தான் அக்கா கூப்பிட்டாள். மதியம் பணிமனையில் கயிற்றை அறுத்துவிட்டார்கள். தாழ் சரியாகிவிட்டது, எடு என்று ஃபோர்மேன் சொல்ல, அத்தான் எடுத்திருக்கிறார். ஒரு வளைவில் திரும்பும்போது பின்கதவு தானாகத் திறந்துகொண்டது. கம்பியைப் பிடித்து நின்ற பெரியவர் ஒருவர் சாலையில் விழுந்தார். உயிருக்கு ஆபத்தில்லை, இடுப்பெலும்பு போய்விட்டது. அத்தானைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

அக்கா வீட்டில் அத்தான் சீருடையோடு நாற்காலியில் இருந்தார். பெரியவர் விழுந்த சத்தம் தமக்குக் கேட்கவே இல்லை என்றும், கண்ணாடியில் கதவு ஆடியதைப் பார்த்துத்தான் நிறுத்தினேன் என்றும் திரும்பத் திரும்பச் சொன்னார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே ஓட்டினார் என்பது நிறுவனத்தின் குற்றச்சாட்டு. கதவில் பழுது என்று ஒன்று இருந்ததே இல்லை, கயிறு என்று எதையும் நான் பார்த்ததே இல்லை என்று ஃபோர்மேன் கையைத் துடைத்துக்கொண்டார். கயிற்றைக் கட்டியவரும் வேலைக்குப் பயந்து தமக்குத் தெரியாது என்றுவிட்டார்; காலையில் ஏறி இறங்கிய பயணிகளை எங்கே போய்த் தேடுவது? காலையில் கயிறு இருந்தது என்று நிரூபித்துவிட்டால், பழுது தெரிந்தே வண்டியை அனுப்பியது பணிமனை என்றாகும். அத்தானுக்கு ஓர் எச்சரிக்கையோடு போகும். நிரூபிக்க முடியாவிட்டால் வேலை போகும். ஓய்வூதியமும் கூடவே போகும்.

சொல்லிவிட்டு அத்தான் நிமிர்ந்து பார்த்தார். அன்று முதல் முறையாக அவர் முகம் சற்றுத் தெளிந்தது.

"நல்லவேளை, நீ படம் எடுத்தே மச்சான். உன் பைத்தியம்தான் இன்னிக்கு நம்மளைக் காப்பாத்தப் போவுது."

அக்கா உள்ளேயிருந்து வந்து தம்பியின் தோளைத் தொட்டாள். அவள் அப்படித் தொடுகிற வழக்கம் உள்ளவள் அல்லள். டச்சப் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். சுவை தெரியவில்லை. கை கழுவினார். சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் திறக்கவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் மருந்து போட்ட ஈறு எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது உள்ளே.

முதல் விசாரணையில் அத்தான் கயிற்றைப் பற்றிச் சொல்லி, படம் இருக்கிறது என்றும் சொன்னார். நிறுவனத்தார் உடனே தங்கள் பக்கத்திலிருந்து அதே படத்தை எடுத்துக் காட்டினார்கள். கதவு பளிச்சென்று மூடியிருந்தது. கயிறு இல்லை. அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டுக்கு வந்தவர் போய்ப் படுத்துக்கொண்டார். தமக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ, இல்லாத கயிற்றைப் பார்த்தேனோ என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார்.

அதைக் கேட்ட பிறகுதான் டச்சப் சமையலறைக்குப் போய் அக்காவிடம் உண்மையைச் சொன்னார். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அசல் எங்கே என்று கேட்டாள். இல்லை என்றார். ஏன் இல்லை என்றதற்கு, ஒரு வண்டிக்கு ஒரு படம் என்ற வழக்கத்தை விளக்க முயன்றார். பாதி விளக்கத்திலேயே, அது எவ்வளவு சின்ன விஷயம் என்பது அவருக்குக் கேட்டது. நிறுத்திக்கொண்டார். அக்கா குழாயை மூடினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றார். அவள் திட்டவில்லை.

"எடுத்தவன் நீதானே. திருப்பிப் போட்டுடு."

"அது பொய்யாயிடும்க்கா."

"கயிறு இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்புறம் எதுடா பொய்? அவருக்கு மட்டும் தெரிய வேணாம். தெரிஞ்சா ஒத்துக்க மாட்டாரு. கார்டுல பழைய படம் கிடைச்சிடுச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்."

அவளும் வாழ்நாளில் பெரிய பொய் சொல்லியறியாதவள்; ஆனால் கணவர் படுத்திருந்த அறைக்குள் போய், புழுக்கத்துக்கு ஜன்னலைத் திறந்துவிடுகிற குரலில் அதைச் சொன்னாள். அத்தான் எழுந்து உட்கார்ந்தார். டச்சப்பைக் கூப்பிட்டு, குழுவில் போட்டது கழுவிய படம் என்பதை நம்புகிறேன் என்றும், தமக்குப் பைத்தியம் இல்லை என்பதே போதும் என்றும் சொன்னார். அசலைக் காட்டட்டுமா என்று அக்கா பேச்சுக்குக் கேட்டபோது, "நான் எதுக்குப் பாக்கணும்? நான்தான் நேர்லயே பாத்தேனே" என்றார். அன்று இரண்டு தட்டுச் சாப்பிட்டார்.

மறுநாள் டச்சப் ஸ்டூடியோ பின்னறையில் வேலையைத் தொடங்கினார். துணி காயப்போடும் நீலக் கயிறு ஒன்றை வாங்கி, மாடிப்படிக் கம்பியில் கட்டி, அதே திசை வெயிலில் படம் எடுத்தார். அதை வெட்டி எடுத்து வண்டியின் கதவுக்குக் கொண்டுபோனார். பொருத்துவதற்கு முன்னால் கை நின்றது. எங்கே கட்டியிருந்தது?

கண்ணை மூடிப் பார்த்தார். வண்டி வந்தது. மஞ்சள் பட்டையில் எந்த இடத்தில் வண்ணம் உரிந்திருந்தது, சக்கரத்தில் எத்தனை மரைகள், தடப்பலகையில் எந்த எழுத்து மங்கியிருந்தது, எல்லாம் வந்தது. கயிறு வரவில்லை. நீலம் என்று ஒரு தீற்றல் மட்டும் வந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை. நீக்க வேண்டியது என்று குறித்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். கணினியில் அதன் மேல் தூரிகையை ஓட்டியபோதும் இரண்டு பக்கமும் இருந்த சாம்பல் நிறத்தைத்தான் பார்த்திருக்கிறார்.

அத்தானைக் கேட்க முடியாது. அக்காவிடம் சொல்லிப் பேச்சோடு பேச்சாகக் கேட்கச் சொன்னார். அவளும் துணி மடித்துக்கொண்டே, அந்தக் கயிறு எப்படிக் கட்டியிருந்தது என்று கேட்டாள். கதவைக் கட்டியிருந்தது என்று பதில் வந்தது. அதற்கு மேல் துருவினால் சந்தேகப்படுவார் என்று அவள் விட்டுவிட்டாள்.

கதவின் மடிப்புக்கு ஒன்றாக இரண்டு கைப்பிடிகள் இருந்தன. கதவைக் கட்டுகிறவன் இரண்டையும் சேர்த்துத்தான் கட்டுவான் என்று டச்சப் முடிவு செய்தார். கயிறு கைப்பிடிகளைச் சுற்றியது. முடிச்சு நடுவில் விழுந்தது. நுனி கொஞ்சம் தொங்கியது. நிழல் போட்டார். கயிற்றில் சற்று எண்ணெய் அழுக்கு ஏற்றினார். முன்பு நீக்கும்போது எவ்வளவு பொறுமை இருந்ததோ, அதே பொறுமைதான் இப்போதும் இருந்தது. முடித்துவிட்டு ஒதுக்கி வைத்திருந்த முகங்களுக்குத் திரும்பினார். ஒரு பெண்ணின் மோவாயில் இருந்த தழும்பை எடுக்க வேண்டுமா என்று முதலாளியிடம் கேட்டார். அடையாளத்துக்கு இருக்கட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

இரண்டாம் விசாரணைக்கு டச்சப்பும் சாட்சியாகப் போனார். பணிமனை அலுவலகத்தின் பின்புறம் ஒரு நீள அறை. மேசை விளிம்பில் பழைய தேநீர் வட்டங்கள். மூலையில் சுழலாத மின்விசிறி ஒன்று பிளாஸ்டிக் உறையோடு நின்றது. விசாரணை அதிகாரி ஓர் அம்மாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைக்கும் பழக்கம் உள்ளவர். கடுமையானவர் அல்லர் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எதிர்ப்பக்கம் ஃபோர்மேன். அத்தான் சீருடையைத் தேய்த்து அணிந்துகொண்டு வந்திருந்தார்; பணியில் இல்லாதபோது அணியக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

படம் பெரிதாக அச்சிடப்பட்டு மேசைக்கு வந்தது. அதிகாரி நெடுநேரம் பார்த்தார். ஃபோர்மேன் எட்டிப் பார்த்தார். அவர் நெற்றி வியர்த்தது. அந்த ஒரு நிமிடம் எல்லாம் சரியாகிவிடும் போலத்தான் இருந்தது. பிறகு அதிகாரி, முதல் விசாரணையில் அத்தான் சொன்னதை வாசிக்கும்படி எழுத்தரிடம் கூறினார். எழுத்தர் ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தார். பின்கதவின் ஒரு கைப்பிடியிலிருந்து பக்கத்து ஜன்னலின் கீழ்க்கம்பி வரை கயிறு இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. முடிச்சு ஜன்னல் கம்பியில் இருந்தது. கைப்பிடிகள் இரண்டையும் சேர்த்துக் கட்டினால் மடிப்பு உள்பக்கமாக விட்டுக்கொடுக்கும் என்பதால் அப்படிக் கட்டமாட்டார்கள் என்பதையும் ஓட்டுநர் தாமாகவே விளக்கியிருக்கிறார்.

அதிகாரி படத்தை அத்தான் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்க சொன்ன கயிறு இதுதானா?"

அத்தான் குனிந்து பார்த்தார். பிறகு டச்சப்பைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நினைவு பிசகியிருக்கும், ஜன்னல் என்று தவறாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அதிகாரியும் அதற்கு இடம் கொடுப்பதைப் போலக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தான் படத்தை மெதுவாக மேசையின் நடுவுக்குத் தள்ளினார்.

"இல்லைங்கம்மா. இது நான் பாத்த கயிறு இல்லை."

ஃபோர்மேன் நாற்காலியில் சாய்ந்தார். டச்சப் எழுந்து நின்றார். கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார்: கயிறு உண்மையாகவே இருந்தது, அதைக் கழுவியது தாம், பிறகு ஒட்டியதும் தாமே, அத்தானுக்கு எதுவும் தெரியாது. அக்காவின் பெயரை மட்டும் விட்டுவிட்டார். தம் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போல அவருக்கே கேட்டது.

இல்லாத கயிற்றை ஒட்டக்கூடியவர், இருந்த கயிற்றை நீக்கினேன் என்று சொல்வதை எதை வைத்து நம்புவது என்று அதிகாரி கேட்டார். அசல் எங்கே என்றார். அதன் மேலேயே சேமித்துவிட்டதை டச்சப் சொன்னார். ஏன் என்றார்.

"எங்களுக்குள்ள அப்படித்தாங்க வழக்கம். ஒரு வண்டிக்கு ஒரு படம்."

எழுத்தர் இதை எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல் அதிகாரியைப் பார்த்தார். எழுதுங்கள் என்றார் அதிகாரி. கழுவிய முதல் படத்தையும் கொண்டுவரச் செய்து, கயிறு இருந்த தடம் ஏதாவது தெரிகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். உண்மையிலேயே கண்டுபிடிக்க விரும்பினார் என்றுதான் சொல்ல வேண்டும். தடம் எதுவும் இல்லை. டச்சப் தம் வேலையில் அவ்வளவு கெட்டிக்காரர்.

சிக்னலை அழைத்துக் கேட்கலாமா என்று டச்சப் கடைசியாக ஒருமுறை வாய் திறந்தார். அவர் அசலைப் பார்த்தாரா என்று அதிகாரி கேட்டார். இல்லை, கழுவியதைத்தான் பார்த்தார். காலையில் வண்டிப் பக்கம் வேறு யாராவது? தேநீர்க் கடைக்காரர் அடுப்பை விட்டு நிமிரவில்லை; வேறு யாரும் இல்லை. யாரும் இல்லாத நேரத்துக்காகத்தான் அவர் போயிருந்தார்.

வெளியே வந்தபோது பணிமனை வாசலில் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. ஓட்டுநர்கள் சிலர் அத்தானைப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஒருவர் ஹாரனை லேசாகத் தட்டினார். வெயில் பக்கவாட்டிலிருந்து விழுந்தது; படத்துக்கு ஆகாத வெயில் என்று டச்சப்பின் மனத்தில் தானாக ஓர் எண்ணம் ஓடியது. அவர் அதைத் தடுக்கவில்லை, வெட்கப்படவும் தோன்றவில்லை.

அத்தான் மதில் ஓரம் நின்று சட்டைப் பொத்தானைச் சரி செய்தார்.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம் மச்சான், எங்க கட்டியிருந்துச்சுன்னு."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா அத்தான்?"

"சொல்லியிருக்க மாட்டேன். ஆனா கேட்டிருக்கலாம்."

இருவரும் ஒரே பேருந்தில்தான் வீடு திரும்பினார்கள். அத்தான் முன்னிருக்கையில் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்தார். டச்சப் கடைசி வரிசைக்குப் போனார்.

தீர்ப்பு தபாலில் வந்தது. கதவு விஷயத்தில் அலட்சியம் ஒன்று. விசாரணையில் போலி ஆதாரம் முன்வைக்கப்பட்டது இன்னொன்று. இரண்டாவதில் ஓட்டுநருக்குப் பங்கு இருந்ததாகத் தெளிவாகத் தெரியவில்லை என்று அதிகாரி அம்மாள் ஒரு வரி எழுதியிருந்தார். அந்த வரியால் முடிவு மாறவில்லை. அக்கா அதை வாசித்துவிட்டு, கடித உறையையும் மடித்து உள்ளேயே வைத்தாள். தம்பியிடம் அவள் கேட்டது ஒன்றுதான்: ஜன்னல் கம்பியா, நம்ம வீட்டு ஜன்னலில் இருக்கிற மாதிரியா என்றாள். ஆமாம் என்றார். அவ்வளவுதானா என்றாள்.

இதற்கு மேல் கதையை நீட்டுவது எனக்குத் தெரியாத வேலை. என்னென்ன போயின என்பதை மட்டும் எழுதிவிட்டு வணக்கத்தோடு விலகிக்கொள்கிறேன்.

அத்தானின் வேலை போயிற்று, ஓய்வூதியமும் போயிற்று. இப்போது அவர் ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் காவலுக்கு இருக்கிறார், வண்டி ஓட்டுவதில்லை. கீழே விழுந்த பெரியவருக்குத் துணையின்றி நடக்கும் நடை போயிற்று. டச்சப்புக்கு அக்கா வீட்டுச் சாப்பாடு போயிற்று. யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை; அவர் போகவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை. அக்காவின் பேச்சு அதோடு போயிற்று. நிறுவனத்தின் பக்கத்திலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டார்கள். வண்டியும் உடைப்புக்குப் போய்விட்டது. குழுவில் அவரை யாரும் நீக்கவில்லை, அவரே விலகினார். தம்மிடம் உள்ள ஆயிரக்கணக்கான படங்களைத் திறந்தால், எந்தப் படத்திலிருந்து எதைக் கழுவி நீக்கினோம் என்பது அவருக்கு நினைவில்லை. ஆகவே அந்தப் படங்களும் போனதாகவே கணக்கு. கேமரா இருக்கிறது. ஸ்டூடியோ வேலையும் இருக்கிறது.